எஸ்எஸ்டி பராமரிப்புக் குறிப்புகள்: ஒரு பழைய மருந்துச்சீட்டை மறுபடி படித்தல்

வாட்ஸ்அப்பில் சுற்றும் கம்ப்யூட்டர் குறிப்புகளில் ஒன்றுக்கு மட்டும் சாவே கிடையாது. "எஸ்எஸ்டி போட்டாச்சா? இந்தப் பத்து செட்டிங்கை மாத்துங்க, ஆயுள் கூடும், வேகம் கூடும்" என்கிற வகைப் பட்டியல். வீடியோவாக வரும், படமாக வரும், சர்வீஸ் கடைக்காரர் வாய்மொழியாகவும் வரும். சூளகிரி போல தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்கும் ஊரில் ஒரே பட்டியல் மூன்று பாஷையிலும் வந்து சேர்கிறது. வரிசைகூட பெரும்பாலும் மாறுவதில்லை: டீஃப்ராக் செய்யாதே, பேஜ்ஃபைலை நிறுத்து, ஹைபர்னேட்டை நிறுத்து, சூப்பர்ஃபெட்சை நிறுத்து, டெம்ப் ஃபோல்டரை ஹார்ட் டிஸ்குக்கு மாற்று, பிரவுசர் கேஷை மாற்று, டிரிம் இருக்கிறதா பார்... கடைசியில், பத்தாவதாக, "முக்கியமானதை பேக்கப் எடுத்துக்கோங்க."

இந்தப் பட்டியலை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு, எந்த வரி எங்கிருந்து வந்தது, எதைப் பற்றி வாயே திறக்கவில்லை என்று பார்ப்பதுதான் இந்தக் குறிப்பின் நோக்கம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பட்டியலில் பாதிக்கு மேல் 2008-2010 காலத்துக்கு எழுதிய மருந்துச்சீட்டு. நோயாளி மாறிவிட்டார், சீட்டு மாறவில்லை. அதைவிடப் பெரிய குறை, அது காப்பாற்ற நினைப்பது டிரைவை. நம்மிடம் இருப்பதில் விலை மதிப்பில்லாதது டிரைவுக்குள் இருக்கிற விஷயம்.

சீட்டு எழுதப்பட்ட காலம்

இன்டெல் நிறுவனத்தின் எக்ஸ்25-எம் டிரைவ் 2008 செப்டம்பரில் வந்தது. 80 ஜிபி. மொத்தமாக ஆயிரம் வாங்குபவர்களுக்கான விலையே ஒன்றுக்கு 595 டாலர், அன்றைய கணக்கில் கால் லட்சம் ரூபாய்க்கு மேல். அவ்வளவு காசு கொடுத்து 80 ஜிபி வாங்கியவர் ஒவ்வொரு ஜிபியையும் எண்ணுவார், ஒவ்வொரு எழுத்தையும் கணக்கு வைப்பார். அதில் தப்பே இல்லை. அன்றைக்கு வீடுகளில் ஓடிய விண்டோஸ் எக்ஸ்பிக்கு எஸ்எஸ்டி என்றால் என்னவென்றே தெரியாது. சுழலும் ஹார்ட் டிஸ்க் என்று நினைத்துத்தான் அதை நடத்தும்.

இங்கே சிலேட்டுப் பலகை உதாரணம் உதவும். ஃபிளாஷ் மெமரியில் வரி வரியாக எழுதலாம், ஆனால் ஒரு வரியை மட்டும் அழிக்க முடியாது, பலகை முழுவதையும் கழுவ வேண்டும். எழுதும் அலகின் பெயர் பேஜ், சில கிலோபைட். அழிக்கும் அலகின் பெயர் பிளாக், பல நூறு பேஜ்கள் சேர்ந்தது. ஒவ்வொரு பலகையும் இத்தனை தடவைதான் கழுவத் தாங்கும். ஆகவே டிரைவுக்குள் இருக்கும் கண்ட்ரோலர், செல்லாத வரிகள் அதிகம் இருக்கிற பலகையாகப் பார்த்து, அதில் செல்லுபடியாகும் வரிகளை மட்டும் வேறு பலகையில் பெயர்த்து எழுதிவிட்டுக் கழுவுகிறது. எது செல்லாத வரி என்று அதற்கு யார் சொல்வது? நீங்கள் ஃபைலை டெலீட் செய்தால் அது விண்டோஸுக்குத் தெரியும், டிரைவுக்குத் தெரியாது. அந்தத் தகவலைச் சொல்லும் கட்டளைதான் டிரிம். அது இல்லாவிட்டால் செத்த வரிகளையும் உயிருள்ளவை என்று நினைத்து டிரைவ் காலமெல்லாம் பெயர்த்து எழுதிக்கொண்டே இருக்கும். வேகம் விழும், தேய்மானம் கூடும்.

விண்டோஸில் டிரிம் வந்தது 2009 அக்டோபரில், விண்டோஸ் 7 உடன். முதல் தலைமுறை எக்ஸ்25-எம்முக்கு அந்த ஆதரவே கிடைக்கவில்லை, 2009ல் வந்த இரண்டாம் தலைமுறைக்குத்தான் கிடைத்தது. ஆக அந்த ஒன்றிரண்டு வருடத்தில், விலை உயர்ந்த சின்ன டிரைவ், அதைப் புரிந்துகொள்ளாத விண்டோஸ் என்ற இக்கட்டில் மாட்டியவர்கள் தங்களுக்காகக் கண்டுபிடித்த கை வைத்தியம்தான் இந்தப் பட்டியல். அவர்கள் செய்தது சரியான வேலை. அதை இன்றைக்கும் அப்படியே ஒப்பிப்பவர்கள்மேல்தான் என் விமர்சனம்.

வரி வரியாக

"டீஃப்ராக் செய்யாதே." ஹார்ட் டிஸ்கில் சிதறிய ஃபைலைப் படிக்க முள் அங்கும் இங்கும் ஓட வேண்டும், அதனால் ஒழுங்குபடுத்தினோம். எஸ்எஸ்டியில் ஓட முள்ளே கிடையாது. அதுவரை சரி. ஆனால் விண்டோஸ் 8லிருந்து (2012) அந்தக் கருவியின் வேலையே மாறிவிட்டது. எஸ்எஸ்டி என்று கண்டால் அது செய்யும் முக்கிய வேலை, காலியான இடங்களுக்கெல்லாம் மொத்தமாக ஒரு தடவை டிரிம் அனுப்புவது. டெலீட் செய்யும்போது உடனுக்குடன் போகும் டிரிம் கட்டளைகளில் சில நெரிசலில் விடுபட்டுப் போகலாம், அதற்கான வாராந்திரப் பெருக்கல் இது. பட்டியலை நம்பி "ஷெட்யூல்டு ஆப்டிமைசேஷனை" நிறுத்துபவர், டிரைவுக்கு நல்லது செய்வதாக நினைத்து அந்தப் பெருக்கலை நிறுத்துகிறார்.

இதில் இன்னொரு வேடிக்கை. மைக்ரோசாஃப்டில் அப்போது பணியாற்றிய ஸ்காட் ஹான்சல்மன் 2014ல் அங்கிருக்கும் ஸ்டோரேஜ் குழுவிடமே விசாரித்து எழுதினார்: ரெஸ்டோர் பாயின்டுக்கான ஸ்னாப்ஷாட் வசதி இயங்கினால், விண்டோஸ் மாதம் ஒரு தடவை எஸ்எஸ்டியையும் நிஜமாகவே டீஃப்ராக் செய்கிறது. ஒரு ஃபைல் அளவுக்கு மீறி ஆயிரக்கணக்கான துண்டுகளானால் கணக்கு வைப்பதே சிரமம், அதற்காக. மாதம் ஒரு தடவைக்கு டிரைவுக்கு ஒன்றும் ஆகாது. 2020ல் வந்த ஒரு விண்டோஸ் 10 பதிப்பில், கடைசியாக எப்போது செய்தோம் என்பதையே மறந்து அடிக்கடி டீஃப்ராக் செய்யும் பிழை இருந்தது உண்மை. அதே ஆண்டில் திருத்திவிட்டார்கள்.

"பேஜ்ஃபைலை நிறுத்து." இதற்கு மைக்ரோசாஃப்ட் 2009லேயே பதில் சொல்லிவிட்டது. அவர்கள் அளந்தபோது பேஜ்ஃபைலில் ஒரு எழுதலுக்குச் சுமார் நாற்பது படித்தல் இருந்தது. எஸ்எஸ்டியில் வைக்க அதைவிடப் பொருத்தமான ஃபைல் அதிகம் இல்லை என்பதே அவர்கள் முடிவு. இந்த அறிவுரையால் அடி வாங்குவது யார்? 2011ல் தொடங்கிய அரசு இலவச லேப்டாப் திட்டத்தில் வந்த பழைய லேப்டாப்பில், ஹார்ட் டிஸ்கைக் கழற்றிவிட்டு மலிவான சாட்டா எஸ்எஸ்டி போட்டு, மறுவாழ்வு கொடுத்து வைத்திருக்கும் குடும்பங்கள். ரேம் குறைவான அந்த மெஷினில் பேஜ்ஃபைலை நிறுத்தினால், ஆன்லைன் வகுப்பும் நாலு டேபும் ஒன்றாகத் திறந்த உடனே பிரவுசர் பொத்தென்று மூடிக்கொள்ளும். பழி பாவம் எஸ்எஸ்டி மேல் விழும்.

"ஹைபர்னேட்டை நிறுத்து." 40 ஜிபி, 80 ஜிபி டிரைவில் இடம் மிச்சம் பிடிக்க இது நியாயம். இன்றைய 256 ஜிபியில் அது சேமிப்பது சில ஜிபி. பேட்டரி தீரும் நேரத்தில் மெமரியில் இருப்பதைப் பத்திரமாக எழுதிவிட்டு அணைவதற்குத்தான் அந்த வசதி. கரண்ட் அடிக்கடி போகும் ஊரில் அதை நிறுத்தச் சொல்வது, மழைக்காலத்தில் குடையை மூலையில் வைக்கச் சொல்வது மாதிரி.

"சூப்பர்ஃபெட்சை நிறுத்து." வேகமான எஸ்எஸ்டி என்று கண்டால் விண்டோஸ் 7 தானாகவே அதை நிறுத்தியது. "டெம்ப் ஃபோல்டரை ஹார்ட் டிஸ்குக்கு மாற்று." வேகத்துக்காகக் காசு கொடுத்து வாங்கிய டிரைவை விட்டுவிட்டு, வேகம் தேவைப்படும் வேலையைப் பழைய வண்டியில் ஏற்றுவது.

பட்டியலில் இன்றைக்கும் செல்லுபடியாகும் வரி ஒன்று உண்டு: கொஞ்சம் இடம் காலியாக விடுங்கள். மலிவான டிஎல்சி, கியூஎல்சி டிரைவ்கள் காலியிடத்தில் ஒரு பகுதியைத் தற்காலிக வேகப் பாதையாகப் பயன்படுத்துகின்றன. டிரைவ் நிரம்ப நிரம்ப அந்தப் பாதை சுருங்கும், பெரிய ஃபைல் காப்பி செய்யும்போது வேகம் திடீரென்று படுத்துவிடும். பத்து, பதினைந்து சதவீதம் காலியாக இருப்பது எல்லாருக்கும் நல்லது.

தேய்மானம் என்ற பூச்சாண்டி

இந்த வரிகள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே ஒரு பயம்தான் இருக்கிறது: எழுதி எழுதித் தேய்ந்துவிடும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். க்ரூஷியல் பிஎக்ஸ்500 என்ற மலிவு விலை டிரைவில் 240 ஜிபி மாடலுக்கு, 80 டெராபைட் எழுதும்வரை உத்தரவாதம் என்று நிறுவனமே சொல்கிறது. வீட்டில் ஒரு நாளைக்கு 20 ஜிபி எழுதுகிறோம் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் வருடத்துக்கு 7.3 டெராபைட். 80ஐ வகுத்தால் ஏறக்குறைய 11 வருடம். சாம்சங் 860 ஈவோ 500 ஜிபிக்கு 300 டெராபைட். அதே கணக்கில் 41 வருடம். அதற்குள் லேப்டாப்பின் கீல் உடையும், கீபோர்டு போகும், விண்டோஸே அந்த மெஷினைக் கைவிட்டுவிடும்.

அதுவும் உத்தரவாத எண்தான், சாகும் எண் இல்லை. டெக் ரிப்போர்ட் என்ற அமெரிக்கத் தளம் 2013 முதல் 2015 வரை ஆறு டிரைவ்களில் இரவு பகலாக எழுதிக்கொண்டே இருந்து, எப்போது சாகின்றன என்று பார்த்தது. எல்லாமே 240 முதல் 256 ஜிபி வரையிலான அளவு. ஒவ்வொன்றும் 700 டெராபைட்டைத் தாண்டின. கடைசியாக விழுந்த சாம்சங் 840 ப்ரோ 2,400 டெராபைட்டையும் தாண்டியது. அந்தச் சோதனையில் எனக்கு முக்கியமாகப் பட்டது எண்கள் இல்லை, சாவு வந்த விதம். இன்டெல் 335 டிரைவ் எல்லை வந்ததும் இனி எழுதமாட்டேன், படிக்கலாம் என்று நின்றுகொள்ளும்படி வடிவமைக்கப்பட்டது. ஒரு தடவை அணைத்துப் போட்டதும் படிக்கவும் முடியாமல் செங்கல்லாகிவிட்டது.

பட்டியல் பேசாத சாவுகள்

சரி, தேய்மானம் இல்லையென்றால் எஸ்எஸ்டி எதனால் சாகிறது? மூன்று காரணங்களைச் சொல்லலாம். மூன்றுக்கும் அந்தப் பத்து செட்டிங்கில் மருந்து கிடையாது.

முதலாவது ஃபர்ம்வேர், அதாவது டிரைவுக்குள் ஓடும் மென்பொருள். 2012 தொடக்கத்தில் க்ரூஷியல் எம்4 டிரைவ்கள் மொத்தம் 5,184 மணி நேரம் ஓடிய பிறகு மணிக்கு ஒரு தடவை உறைந்துபோகும் பிழை வெளியே வந்தது. 2019 நவம்பரில் எச்பிஇ நிறுவனம், தன் சர்வர்களுக்கான சில எஸ்எஸ்டிகள் சரியாக 32,768 மணி நேரத்தில் செத்துவிடும், உள்ளே இருப்பதை மீட்க முடியாது, உடனே ஃபர்ம்வேரை மாற்றுங்கள் என்று அறிவித்தது. மூன்று வருடம், 270 நாள், 8 மணி நேரம். புரோகிராம் எழுதுபவர்களுக்கு அந்த எண்ணைப் பார்த்ததும் சிரிப்பும் பயமும் சேர்ந்து வரும்: 16 பிட் எண்ணில் குறியோடு சேர்த்து வைக்கக்கூடிய உச்சம் 32,767. ஒரே நாளில் மாட்டிய டிரைவ்கள் ஒரே நாளில் போகும் என்பதால் ஒன்றுக்கொன்று காப்பாக வைத்தவைகூடச் சேர்ந்தே போகும். சாம்சங் 840 ஈவோவில் பழைய ஃபைல்களைப் படிக்கும் வேகம் விழுந்த சிக்கலுக்கு 2014லும் 2015லும் இரண்டு தடவை ஃபர்ம்வேர் வெளியிட வேண்டியிருந்தது. இதெல்லாம் பேஜ்ஃபைலை நிறுத்தினால் சரியாகும் விஷயமா?

இரண்டாவது மின்சாரம். நம்ம ஊருக்கு மிக நெருக்கமான காரணம் இதுதான். ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகமும் எச்பி ஆய்வகமும் சேர்ந்து 2013ல் ஒரு ஆய்வை வெளியிட்டன. 15 எஸ்எஸ்டிகளை எடுத்து, எழுதிக்கொண்டிருக்கும்போதே கரண்டைத் துண்டித்துத் துண்டித்துப் பார்த்தார்கள். 13 டிரைவ்கள் ஏதாவது ஒரு விதத்தில் தடுமாறின: பாதி எழுதிய பக்கம், வரிசை மாறிய எழுத்து, கெட்டுப்போன தகவல். ஒன்று ஒரேயடியாகச் செத்தது. காரணம் புரியக்கூடியதுதான். எந்தத் தகவல் எந்தப் பலகையில் இருக்கிறது என்ற பேரேட்டை டிரைவ் ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்கிறது. திருத்தும் நடுவில் கரண்ட் போனால் பலகைகள் பத்திரமாக இருக்கும், பேரேடு கிழிந்துவிடும். சர்வர் டிரைவ்களில் அந்தக் கணத்தைத் தாண்டப் போதுமான மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கெப்பாசிட்டர்கள் உண்டு. வீட்டு டிரைவ்களில் பெரும்பாலும் கிடையாது.

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை பேப்பரில் வருகிறது, அதற்கு முன்னால் அணைத்துவிடலாம். சொல்லாமல் போய், வந்து, மறுபடி போகும் கரண்டுதான் ஆபத்து. லேப்டாப்புக்குப் பேட்டரி இருக்கிறதே என்பீர்கள். மேலே சொன்ன அந்தப் பழைய லேப்டாப்களைப் பாருங்கள். பேட்டரி எப்போதோ செத்து, சார்ஜரைச் சொருகினால்தான் ஓடும் நிலை. அது மடக்கக்கூடிய டெஸ்க்டாப், அவ்வளவுதான். அதில் எஸ்எஸ்டி போடும் யாருக்காவது "முதல்ல பேட்டரியை மாத்துங்க, இல்லாட்டி ஒரு சின்ன யுபிஎஸ் வாங்குங்க" என்று எந்தப் பட்டியலாவது சொல்லி நான் பார்த்ததில்லை.

மூன்றாவது வயது. கூகுளின் டேட்டா சென்டர்களில் ஆறு வருடம் ஓடிய ஃபிளாஷ் டிரைவ்களின் பதிவுகளை ஆராய்ந்து, டொரான்டோ பல்கலைக்கழகத்தின் பியான்கா ஷ்ரோடரும் கூகுள் பொறியாளர்களும் 2016ல் எழுதிய கட்டுரை இந்தத் துறையில் முக்கியமானது. எவ்வளவு எழுதினோம் என்பதைத் தவிர, டிரைவின் வயதுக்கும் தனிப் பங்கு இருக்கிறது என்று அவர்கள் கண்டார்கள். ஹார்ட் டிஸ்கைவிட எஸ்எஸ்டிகளை மாற்ற வேண்டிய தேவை குறைவாகவே வந்தது. ஆனால் படிக்கவே முடியாத பிழைகள் எஸ்எஸ்டியில் அதிகம். முதல் நான்கு வருடத்தில், மாடலைப் பொறுத்து 20 முதல் 63 சதவீத டிரைவ்கள் அப்படி ஒரு பிழையையாவது சந்தித்தன. டிரைவ் உயிரோடுதான் இருக்கும், உள்ளே ஒரு ஃபைல் செத்திருக்கும்.

எது பணயத்தில் இருக்கிறது

ஓசூர் சிப்காட்டை நம்பி இந்தப் பக்கம் எத்தனையோ சின்னப் பட்டறைகள் ஜாப் ஒர்க் செய்கின்றன. எனக்குத் தெரிந்த ஒன்றில், டேலி ஓடும் கம்ப்யூட்டரின் எஸ்எஸ்டி ஒரு மதியம் கரண்ட் போய் வந்தபிறகு பயாஸிலேயே தெரியவில்லை. அதற்கு முந்தின வாரம் பார்த்த மென்பொருள் டிரைவின் ஆரோக்கியம் 97 சதவீதம் என்று பச்சையில் காட்டியிருந்தது. பட்டியலில் உள்ள அத்தனை செட்டிங்கும் அதில் மாற்றப்பட்டிருந்தது, பேக்கப் தவிர. தாக்கல் செய்த ஜிஎஸ்டி கணக்கு அரசு தளத்தில் இருக்கிறது, அது போகாது. ஆனால் எந்தக் கம்பெனியிலிருந்து எத்தனை கிலோ ராடு எந்த சலானில் வந்தது, எவ்வளவு முடித்துக் கொடுத்தோம், எவ்வளவு பாக்கி என்ற கணக்கு அந்த டிரைவில்தான் இருந்தது. ஜாப் ஒர்க்குக்கு வந்த சரக்கு ஒரு வருடத்துக்குள் திரும்ப வேண்டும் என்பது ஜிஎஸ்டி சட்டம். அந்தக் கணக்கைப் பேப்பர் சலான்களை வைத்து மறுபடி கட்ட இரண்டு பேருக்குப் பல வாரம் ஆனது.

அங்கேயும் முதலில் வந்த கேள்வி, "ரெக்கவரி கடையில குடுத்தா எடுத்துத் தரமாட்டாங்களா?" ஹார்ட் டிஸ்க் காலத்து நம்பிக்கை அது. ஹார்ட் டிஸ்கில் தவறி டெலீட் செய்ததை நிறையத் தடவை மீட்டிருக்கிறோம், ஏனென்றால் அங்கே அழிந்தது விலாசம் மட்டும்தான். எஸ்எஸ்டியில் டிரிம் போனதும் டிரைவ் அந்தப் பலகையைக் கழுவத் தொடங்கிவிடும். கண்ட்ரோலர் செத்த டிரைவிலோ தகவல் பல சிப்புகளில் சிதறி, பெரும்பாலும் என்கிரிப்ட் ஆகியும் இருக்கும். பட்டியல் போற்றும் டிரிம், வேகத்துக்கு எவ்வளவு நல்லதோ, மீட்புக்கு அவ்வளவு எதிரி. இந்த ஒரு வாக்கியத்தை எந்தப் பட்டியலும் எழுதுவதில்லை.

இந்தப் பட்டறைக்காரர்களுக்கு இதைப் புரியவைக்க நான் பயன்படுத்தும் உதாரணம் சிஎன்சி இன்சர்ட். இன்சர்ட் தேயாமல் இருக்க யாரும் அதைத் துடைத்துத் துடைத்து வைப்பதில்லை. அது செலவாகும் பொருள், பெட்டியில் மாற்று இருக்கும். ஆனால் டிராயிங்கும் புரோகிராமும் தொலையக் கூடாது. எஸ்எஸ்டி என்பது இன்சர்ட். நாம் அதை மெஷின் மாதிரி நினைத்து ஆயில் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

நான் எழுதினால் எப்படி எழுதுவேன்

விமர்சித்தால் மட்டும் போதாது, மாற்றுப் பட்டியலும் கொடுக்க வேண்டும். வரிசை முக்கியம், அதனால் பத்தாவதை முதலில் வைக்கிறேன்.

1. முக்கியமானதற்கு டிரைவுக்கு வெளியே இரண்டு பிரதி. ஒன்று கம்ப்யூட்டரில் சொருகாமல் தனியாக இருக்கட்டும். அதற்குப் பழைய முறை ஹார்ட் டிஸ்கே போதும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அதிலிருந்து ஒரு ஃபைலைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப் வெறும் நம்பிக்கை.

2. டெஸ்க்டாப்புக்கு யுபிஎஸ். லேப்டாப்புக்கு உயிருள்ள பேட்டரி.

3. விண்டோஸ் 11ல் டிரைவ் தானாகவே என்கிரிப்ட் ஆகியிருக்கலாம். மதர்போர்டு போய், டிரைவ் நன்றாக இருந்தாலும், ரெக்கவரி கீ இல்லாமல் உள்ளே போக முடியாது. அதை எழுதி வீட்டில் வையுங்கள்.

4. தயாரிப்பாளர் தளத்தில் புதிய ஃபர்ம்வேர் இருக்கிறதா என்று ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பாருங்கள். பேக்கப் எடுத்தபிறகு போடுங்கள்.

5. நம்ப முடியாத விலையில் 16 டெராபைட் என்று வரும் வெளி டிரைவ்களை வாங்காதீர்கள். இல்லாத கொள்ளளவை இருப்பதாகக் காட்டும்படி ஃபர்ம்வேரைத் திரித்தவை அவை. ஏற்கெனவே வாங்கியிருந்தால் எச்2டெஸ்ட்டபிள்யூ, எஃப்3 போன்ற கருவியால் முழுக்க எழுதிப் படித்துச் சோதியுங்கள்.

6. பதினைந்து சதவீதம் காலி இடம். ஆப்டிமைஸ் ஷெட்யூல் அதன் இயல்பான நிலையில், அதாவது ஓடிக்கொண்டு இருக்கட்டும். லினக்ஸ் என்றால் வாராந்திர டிரிம் டைமர் இயங்குகிறதா என்று ஒரு தடவை பார்த்தால் போதும்.

அலமாரியில் வைத்த எஸ்எஸ்டி சில நாளில் எல்லாவற்றையும் மறந்துவிடும் என்று 2015ல் ஒரு பீதி கிளம்பியது நினைவிருக்கலாம். ஜெடெக் தரநிலையின் அட்டவணையைத் தப்பாகப் படித்ததன் விளைவு அது. உத்தரவாத அளவு முழுக்க எழுதித் தீர்த்த வீட்டு டிரைவ்கூட, மின்சாரம் இல்லாமல் 30 டிகிரியில் ஒரு வருடம் தகவலைத் தாங்க வேண்டும் என்பதே அந்தத் தரநிலை. வெப்பம் கூடினால் காலம் குறையும் என்பது உண்மை. எனவே வருடக்கணக்கில் தொடாமல் வைக்கும் கல்யாண வீடியோவுக்கு எஸ்எஸ்டி சரியான பெட்டி இல்லை, அவ்வளவுதான்.

பழைய பட்டியல் ஏன் சாகமாட்டேன் என்கிறது என்று யோசித்தால், அது நமக்கு ஏதோ ஒரு வேலை கொடுக்கிறது. பத்து ஸ்விட்சை அணைத்தால் பத்து காரியம் செய்த திருப்தி. விண்டோஸ் 98ல் டீஃப்ராக் ஓடும்போது கலர் கட்டங்கள் நகர்வதை உட்கார்ந்து பார்த்த தலைமுறைக்கு அந்தத் திருப்தி தேவைப்படுகிறது. பேக்கப்பில் பார்க்க ஒன்றுமே இல்லை. ஒரு நாள் டிரைவ் போகும்வரை அது வெட்டி வேலையாகத்தான் தெரியும். அடுத்த தடவை அந்த ஃபார்வர்டு வந்தால் பத்தாவது வரியை மட்டும் காப்பி செய்து, முதல் வரியாக்கித் திருப்பி அனுப்புங்கள். மற்ற ஒன்பதையும் உங்கள் விண்டோஸ் பார்த்துக்கொள்ளும்.